தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

1977 ஆடியில், தல்லாகுளத்தில் பசுபதியின் வீட்டு ஜன்னல்கள் மூன்று விரற்கடை மேலே ஏறின. அதற்கு முந்தைய வாரம்தான் அவர் மனைவி ஜானுவைச் சோழவந்தான் சாலையிலிருந்த மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். குழந்தை செத்துப் பிறந்தபின் அவளை இரண்டு தடவை தண்டவாளத்திலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வரைபடம் போட்டவரே பசுபதிதான். ஜன்னல்கள் எட்டடி உயரத்தில். தலையை மோதிக்கொள்ள முடியாதபடி மழுக்கிய மூலைகள். ஆணி ஏறாத சுவர். கதவில் எட்டிப் பார்க்க ஒரு துளை. மேலதிகாரிகள் பாராட்டிய வேலை. சேர்த்த அன்று ஜானு கதவைத் தடவிப் பார்த்தாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே?"

"வேண்டாம்னுதான் வைக்கல."

"யாருக்கு வேண்டாம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கிளம்பிவிட்டார்.

ஜன்னல்களை இறக்கச் செல்லூரிலிருந்து வெள்ளைத்துரை கொத்தனார் வந்தார். இடித்து, இறக்கி, பூசிவிட்டுப் போனார்; தீபாவளிக்குள் அவை மறுபடி ஏறிவிட்டன. மூன்றாம் முறை கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எம்புட்டு எறக்குனாலும் ஏறிருது சார். வீடு வேற யாரோ போட்ட பிளானுக்குப் போகுது." யார் போட்டதென்று பசுபதிக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு மூலைகள் மழுங்கின. அதற்கடுத்த ஆண்டு கொடிக்கயிற்று ஆணிகளைச் சுவர் துப்பியது. எண்பதில் வாசற்கதவில் துளை விழுந்தது. தெருக்காரர்கள் ஒரு மாதம் எட்டிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஞாயிறுதோறும் ஜானுவைப் பார்க்கப் போன பசுபதி இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கதவுகளுக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் வைக்கலாமென்று அலுவலகத்துக்கு நான்கு முறை எழுதினார். பாதுகாப்பு கருதி இயலாது என்று நான்கு முறையும் பதில் வந்தது, வரைபடத்தின் ஓரத்தில் அவரே முன்பு எழுதிவைத்த அதே வாக்கியத்தில்.

எண்பத்திரண்டு சித்திரையில் வீட்டுத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போய்விட்டது. பொழுது சாய்ந்து அவர் உள்ளே வந்ததும் தானாக விழுந்துகொள்ளும். காலையில் பால்காரர் பேயாண்டி திறந்துவிட்டுப் பால் ஊற்றுவார்.

மறு வருஷம் பேயாண்டி ஊருக்குப் போயிருந்த ஒரு மதியம், குணமான ஜானு துணிப்பையோடு தனியாக வந்தாள். துளையில் கண் வைத்தாள். உயரத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில், நரைத்த தாடியோடு அவர் உட்கார்ந்திருந்தார். அவள் திறந்தாள். உலை வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். வெயில் இறங்கியதும் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உள்ள நான் படுக்க மாட்டேன்."

"வெளியில கொசு கடிக்கும்."

"கடிக்கட்டும்."

அவர் உள்ளேயும் அவள் வாசலிலுமாக ஆறு வருஷம் இருந்தார்கள். மழை நாட்களில் அவள் எதிர்வீட்டு அழகம்மாளிடம் போய்ப் படுத்தாள். காலை ஐந்தரைக்குத் தாழ்ப்பாளைத் திறக்க ஒருநாளும் தவறியதில்லை.