மன்னார் மணிக்கூடு

இந்தக் குளிர் நாட்டில் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு வந்தால் அருமைராசாவிடம் ஒரு பிரசங்கம் இருக்கும். "மணிக்கூட்டைத் திருப்பினா வெளிச்சம் கூடிப்போகுமே? ஜான்-டலோன் சந்தையில நான் இறக்கிற மரக்கறிக்கு, கோவாவுக்கும் கரட்டுக்கும், மணி தெரியுமே?" என்று தொடங்கி, இந்த யோசனையைக் கண்டுபிடித்தவனின் மூளையில் போய் முடிப்பார். முடித்த கையோடு வீட்டிலுள்ள ஒரு மணிக்கூட்டையும் விடாமல் சனிக்கிழமை மாலையே திருப்பியும் வைத்துவிடுவார். திட்டுவதில் காட்டும் கவனத்தைத் திருப்புவதில் காட்டுகிற மனிதர் இல்லை அவர்.

இந்த முறை பிரசங்கம் இல்லை. மன்னாரில் அவர் மனைவி றோசலினின் அக்கா செபஸ்தியம்மா வெள்ளிக்கிழமை கண்ணை மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் றோசலினால் அதற்குள் போய்ச் சேர முடியாது. தாய் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, சோறு ஊட்டி, கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டவர் அந்த அக்காதான். அவருடைய மகன் றெனோல்ட் போனில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

"பெட்டி மூட முதல் அம்மாவின்ர காதுக்குக் கிட்டப் போனைப் பிடிக்கிறன் சின்னம்மா. கதைக்க இருக்கிறதைக் கதையுங்கோ. எங்கட நேரம் பின்னேரம் மூண்டரைக்கு எடுப்பன்."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் றோசலின் இரண்டு நாளும் உயிரோடு நடமாடினாள்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்களுடைய வீட்டுக் குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் உண்டு. ஒன்று இந்த ஊர் நேரம், மற்றது மன்னார் நேரம். அக்கா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று பார்ப்பதற்காகவே றோசலின் அதை மாட்டியிருந்தாள். ஞாயிறு தோறும் பூசைக்குப் போய்வந்து காலை ஒன்பது மணிக்கு அக்காவுக்குப் போன் எடுப்பாள். மாரியோ கோடையோ, இந்த ஊர் ஒன்பதுதான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வழக்கமாக அருமைராசா கதிரையில் ஏறினால் அவள் பக்கத்தில் நின்று, "இஞ்சருங்கோ, மன்னாரைத் தொடாதேங்கோ" என்பாள். அந்தச் சனிக்கிழமை அவள் அழுது களைத்துப் படுத்துக்கிடந்தாள். மனைவிக்கு ஏதாவது உதவி செய்யவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர், அடுப்பு, கார், சுவர் என்று எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். அந்த வேகத்தில் மன்னாரையும் விடவில்லை. மன்னாரில் எவன் நேரத்தை மாற்றுகிறான்!

ஞாயிறு இருட்டோடு றோசலின் எழும்பிவிட்டாள். குளித்தாள். வெள்ளைச் சேலை உடுத்தாள். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, குசினிக் கதிரையில் செபமாலையோடு வந்து இருந்தாள். அவளுடைய போன் சாவுச் செய்தி வந்தபோதே கை நழுவி விழுந்து நொறுங்கிப்போயிருந்தது. அழைப்பு வரப்போவது மகள் ஜென்சியின் டப்லெட்டுக்கு. ஜென்சி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தன் அறையில் நித்திரை.

மன்னார் மணிக்கூடு இரண்டரையைக் காட்டியது. றோசலின் நம்பவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இங்கே ஐந்து. ஒன்பதரையைக் கூட்டினால் அங்கே இரண்டரை. சரியாகத்தான் வந்தது. கோடையில்தான் ஒன்பதரை, மாரி நேரம் வந்தால் பத்தரை என்பது இவ்வளவு காலமும் நித்திரையில் கேட்டாலும் சொல்கிற கணக்கு. அழுது வீங்கிய தலைக்குள் அன்று அது நிற்கவில்லை.

"பிள்ளையை எழுப்பட்டோ?" என்று அருமைராசா கேட்டார்.

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. பாவம், படுக்கட்டும்."

அவர் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். அது ஆடை கட்டியது. அக்காவுக்குச் சொல்லவேண்டியதை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும், பிறகு நன்றி சொல்லவேண்டும். இல்லை, முதலில் நன்றி. இணைப்பு அறுந்துவிட்டால்? சனக்கூட்டத்தில் றெனோல்ட் மறந்துவிட்டால்? முள் மூன்றைத் தொட்டது.

அறைக்கதவு திறந்தது. ஜென்சி டப்லெட்டைப் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

"அம்மா, இது சைலன்ஸ்ல கிடந்திருக்கு! றெனோல்ட் அண்ணா எத்தினையோ தரம் எடுத்திருக்கிறார்!"

"ஏன் இப்பவே எடுக்கிறான்? இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கே."

ஜென்சி சுவரைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, மன்னாரையும் மாத்தினீங்களோ?"

அருமைராசா கதிரையில் ஏறி மன்னார் முள்ளை முன்னுக்குத் தள்ளினார். அங்கே அப்போது நாலு மணி. பெட்டி வீட்டைவிட்டு வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய நேரம்.

றோசலின் டப்லெட்டைப் பறித்து மகளிடமே திருப்பி நீட்டினாள். அவள் விரல்களுக்கு எதையும் அழுத்தத் தெரியவில்லை. ஜென்சி அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர றோசலினின் வாயில் வேறு சொல் இல்லை. மூடிவிட்டார்கள். அக்காவை மூடிவிட்டார்கள்.

திரையில் வெளிச்சம் வந்தது. வேர்த்து வழிந்த றெனோல்டின் முகம்.

"மூடீட்டியளோ ராசா?"

"இல்லைச் சின்னம்மா. மூடியில கையை வைச்சுக்கொண்டு நிக்கிறன். சுவாமியார் கோயில்ல பாத்துக்கொண்டு நிக்கிறாராம், ரெண்டு தரம் ஆள் விட்டிட்டார். பெரியாக்கள் எல்லாம் என்னை ஏசினம்."

"நான் பிந்திப்போனன் அப்பன்…"

"பிந்துவியள் எண்டு தெரியும் சின்னம்மா. ஒவ்வொரு வருசமும் இந்த ஞாயிறு நீங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தானே எடுப்பியள். அம்மா போனை மடியில வைச்சுக்கொண்டு இருப்பா. இராச் சாப்பாட்டுக்கும் வரமாட்டா. ‘அங்க நேரம் மாத்தியிருப்பினம், பிள்ளை எடுக்கும்’ எண்டுவா. அதுதான் இவையளிட்டைச் சொல்லிப்போட்டன். இண்டைக்கும் அவ உங்கட போனைப் பாத்துக்கொண்டுதான் கிடக்கிறா எண்டு."

றோசலினுக்கு இது தெரியாது. ஒன்பதென்றால் ஒன்பது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நவம்பரிலும், அங்கே ஆறரை ஏழரையாகிப்போக, அக்கா பசியோடு காத்திருந்திருக்கிறார். ஒருநாளாவது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரை அசைந்தது. பூக்கள், வெள்ளைத் துணி, பிறகு அக்காவின் முகம். மெலிந்துபோயிருந்தது. யோசித்து வைத்த மன்னிப்பும் நன்றியும் எங்கேயோ போய்விட்டன. பின்னால் அருமைராசா சுவரோடு சாய்ந்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். றோசலின் திரையில் வாயை வைத்தாள்.

"அக்கா, எடுத்திட்டன். இனிப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம். போய்ச் சாப்பிடுங்கோ."