மிச்சம் பிடித்தவர்களின் பங்கு

ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்ததில், ஸ்டெய்ன்வேர் தீவுக்குப் போகும் கடலடி கேபிள் இலையுதிர் காலத்தில் அறுந்துபோனது. மிஞ்சியது குன்றின் மேலிருந்த ரேடியோ கோபுரம் மட்டும். ஊருக்கும் சால்மன் மீன் பண்ணைக்கும் இணையம் வர அந்த ஒற்றை வழிதான். அதைப் பங்கு பிரிக்கிற வேலை போடோ நகரத் தொலைத்தொடர்பு அலுவலகத்தில் குன்வோருக்கு. அவள் பிறந்த தீவு அது.

கேபிள் சரியாகும்வரை சிக்கனமாக இருங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டுக்கொண்டவளும் அவள்தான். தீவுக்காரர்கள் அதை டுக்னாடாகவே எடுத்துக்கொண்டார்கள். படகுத்துறையைப் பழுதுபார்ப்பது போல, எல்லோரும் கூலியில்லாமல் கைகொடுக்கும் ஊர் வேலையாக. படம் பார்ப்பதை விட்டார்கள். பார்த்தவனைக் கடையில் வைத்துக் கேலி செய்தார்கள். அந்த மிச்சத்தில்தான், பக்கவாதத்தில் பேச்சிழந்த அவள் அண்ணன் ஐலிஃப், பயிற்சியாளரின் வாயசைவை வீடியோவில் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டிருந்தான். பண்ணை மட்டும் கூண்டுக் கேமராக்களில் ஒன்றைக்கூட அணைக்கவில்லை.

கேபிள் வேலை வசந்தத்துக்குத் தள்ளிப்போனதும் முறையான பங்கீடு வந்தது. போன மாதம் யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ, அதே விகிதத்தில் இந்த மாதப் பங்கு. அந்த விதி குன்வோருக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"ஊருக்கு ஒண்ணுமே மிஞ்சலையே, ஹால்கைர்."

"அவங்க தேவை அவ்வளவுதான்மா. கணக்கு சொல்லுதே." மேலாளர் காபியை உறிஞ்சினார்.

"நான் கேட்டேன்னு விட்டுக்கொடுத்தாங்க."

"உன்னை யாரு கேக்கச் சொன்னா? நல்ல மனசுக்கெல்லாம் இதுல கட்டம் கிடையாது. அண்ணனுக்காக விதியை வளைச்சேன்னு வை, பண்ணைக்காரன் முதல்ல உன் நாற்காலியைத்தான் கேப்பான்."

விதியை மறுபடி படித்தாள். பிழை எதுவும் அகப்படவில்லை. ஒப்புதல் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அண்ணி தூர்பியோர்க் வீடியோவில் அழைத்தாள்.

"பாடத்துல டீச்சர் வாய் அப்படியே நின்னுடுது, குன்வோர். இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா? ஊர்ல சொல்லட்டுமா?"

"வேணாம் அண்ணி. எல்லாரும் பகல் பூரா படம் ஓடவிடட்டும். ஆள் இல்லாத வீட்லயும் ஓடட்டும். கிடைக்கிறத முழுசா தின்னு தீத்தாத்தான் அடுத்த மாசப் பங்கு இதுக்கும் கீழ போகாது."

"எல்லாரும் ஓடவிட்டா இவருக்கு எங்கடி வரும்?"

குன்வோர் பக்கத்துத் திரையிலிருந்த பங்கீட்டுப் பட்டியலைப் பார்த்தாள்.

தூர்பியோர்க் சிரித்தாள். "சிக்கனமா இருங்கன்னு சொன்ன அதே வாயா இது? நீ நேர்ல வந்து கெஞ்சினாலும் நம்ம ஆளுங்க செய்ய மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரன் தட்டுல கை வைக்கிற மாதிரி இருக்கும். அதுக்கெல்லாம் பண்ணைக்காரன்தான் லாயக்கு."

அவளுக்குப் பின்னாலிருந்து ஐலிஃப் எட்டிப் பார்த்தான். தங்கையின் பெயரைச் சொல்ல உதட்டைக் குவித்தான். படம் அங்கேயே உறைந்தது.

குன்வோர் காத்திருந்தாள். பக்கத்துத் திரையில் பண்ணையின் பயன்பாட்டுக் கோடு ஏற்ற இறக்கமில்லாமல், நிறைவாக ஓடிக்கொண்டிருந்தது.