வாசனைக்காரரின் மொட்டைத் தலை

ஊரில் பாதிப் பேர் மேல் வீசும் செண்ட் அவர் கலந்து கொடுத்ததுதான். பாட்டிலைத் திறந்து ஒரு தரம் முகர்ந்தால் போதும், உள்ளே என்னென்ன இருக்கிறதென்று புட்டுப் புட்டு வைப்பார். அப்பேர்ப்பட்ட மூக்கு, கருத்தரிப்பு மையத்தின் உள்வாசலில் வைத்து அவர் காலை வாரிவிட்டது.

"சார், செண்ட் போட்டிருக்கீங்களா?" என்றார் நர்ஸ்.

"இல்லம்மா. ஒரு வாரமா கடையே திறக்கல. சோப்புகூட வாசனை இல்லாததுதான்."

"தலையிலேருந்து கும்முனு வருது சார். உள்ள கரு இருக்கு, எந்த வாசனையும் அதுக்கு ஆகாது. உங்கள விட முடியாது."

அவர் சட்டையை முகர்ந்தார், கையை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்கில் முடியில் ஏறியது ஒரு வாரத்தில் போய்விடுமா? அடுத்தவர் மேல் வீசுவதையெல்லாம் கண்டுபிடிக்கிற மூக்குக்குத் தன் மேல் வீசுவது பழகிப் போயிருந்தது.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. இதற்கு முன் இரண்டு முறை மனைவியின் கருப்பையில் கருவை வைத்தபோதும் அவர் உடன் வரவில்லை. அவசர ஆர்டர் என்று சாக்கு, உண்மையில் பயம். அவள் தனியாக வந்தாள், தனியாகத் திரும்பினாள், தங்கவில்லை என்ற செய்தியையும் தனியாகவே கேட்டுக்கொண்டாள். உறைய வைத்துச் சேமித்ததில் இதுதான் கடைசிக் கரு. இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் தன் வயிற்றில் தானே சிகிச்சை ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வண்டியை எடுப்பாள். அவரோ ஊசி டப்பாவைக் கண்டாலே கொல்லைப்பக்கம் நழுவுகிற ஆள். இப்படி ஒருத்தி தனக்கு எப்படி வாய்த்தாள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

இப்போது அவள் ஆஸ்பத்திரி கவுனோடு கதவருகே நின்றாள். ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிய நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தாள்.

"எதிர்ல சலூன் இருக்கு. முடிய எடுத்துட்டு வாங்க," என்றாள்.

முடி என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் அவர் கவலை அவளைப் பற்றித்தான். "அதுவரைக்கும் உன்னால முடியுமா?"

"அவ்வளவு நேரம் அடக்க முடியாது மேடம்," என்றார் நர்ஸ்.

"அடுத்தவங்கள முன்னாடி அனுப்புங்க சிஸ்டர். ட்ரிப் முழுக்க அடக்கிக்கிட்டு ஓட்டுறவ நான். பஸ் நிறைய ஆள வச்சுக்கிட்டு எங்க நிறுத்துறது?"

கரு இன்குபேட்டரில் பத்திரமாக இருக்கும், காத்திருக்கலாம் என்று டாக்டரம்மாவும் சம்மதித்தார்.

அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். சலூன்காரர், "யார் மேல சார் கோபம்?" என்று கேட்டதற்கு, "பவுடர் போடாதீங்க, ஸ்ப்ரே அடிக்காதீங்க, சீக்கிரம்," என்றார். வெறும் தண்ணீரில் மண்டையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி உடைக்கு மாறி நின்றார். அவர் பாட்டில்களை முகர்வது போலவே நர்ஸ் அவரைச் சுற்றி வந்து முகர்ந்தார்.

"இப்ப போகலாம் சார்."

உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கால் விரல்கள் மடங்கிக் கிடந்தன. மொட்டைத் தலையைப் பார்த்ததும் சிரிப்பு முட்டியது.

"சிரிக்க வைக்காதீங்க. சத்தியமா தாங்காது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல இறங்கி நின்றது.

"வச்சாச்சு," என்றார் டாக்டரம்மா. "இனிமே நீங்க பாத்ரூம் போகலாம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் தலையைக் கீழே இழுத்து முகர்ந்தாள்.

"இன்னும் வருதா?" என்று பதறினார் அவர்.

"ஒண்ணுமே வரல." அவள் கண் நிறைந்திருந்தது. "இது தங்கினாலும் சரி, தங்கலேன்னாலும் சரி. இந்தத் தடவை நான் தனியா இல்ல."

பாத்ரூம் கதவை நர்ஸ் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவர் கையை விடுவதாக இல்லை.