மாலை போட்ட படம்

கழுத்து நிறைய சந்தன மாலையும் நெற்றியில் குங்குமமுமாகக் குணாளன் சிரிக்கிற படத்துக்குக் கீழே ஆர்.ஐ.பி. என்று ஓர் இரங்கல், அதன் கீழே இன்னொன்று, மழை விட்டதும் ஈசல் கிளம்புவது போல வந்துகொண்டே இருந்தன, தெய்வநாயகி கைப்பேசியோடு அடுப்படியில் நிற்கிறாள், படத்தில் இருக்கிற அவள் புருஷன் கூடத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார், நேற்றுத்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பிரிவு உபசார விழாவில் போட்ட மாலை அது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ வெறும் படத்தை மட்டும் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள், முதலில் பார்த்தவர் அவசரப்பட்டுவிட்டார், பின்னால் வந்தவர்களுக்கு நின்று பார்க்க நேரமேது. அவளை மட்டும் என்ன சொல்ல, போன மாதம் யாரென்றே தெரியாத ஒரு முகத்துக்கு, குக்கர் விசிலுக்கு நடுவே அந்த மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனவள்தானே.

அவர் எப்போதும் அளந்துதான் பேசுவார், பேத்தி பிறந்த சேதிக்கு ஓ என்றார், அவளுடைய அப்பா போனபோது ச்சே என்றார், கர்ப்பப்பை எடுக்க அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்து ஓகே என்றார், அந்த ஒரு ஓகேயைப் பிடித்துக்கொண்டேதான் அவள் மயக்கத்துக்குள் இறங்கினாள், ஓய்வுக்குப் பிறகாவது தன்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை முழுசாகப் பேசுவார் என்று முப்பத்தோரு வருஷம் காத்திருந்தாள், இப்போது அந்த மனுஷனை எழுத்து எழுத்தாக யாரோ எடுத்துப் போகிறார்கள் என்று பயமாக இருந்தது. அவர் நன்றாக இருக்கிறார், பக்கத்தில்தான் இருக்கிறார் என்று எழுதினாள், ஒருவர் ஊப்ஸ் என்றார், ஒருவர் ஓ.எம்.ஜி. என்றார், அதற்கும் கீழே மறுபடி ஆர்.ஐ.பி. வந்தது.

பிறகுதான் பார்த்தாள், ஒவ்வொரு ஆர்.ஐ.பி.க்கும் கீழே ஒரு தேங்க்ஸ் முளைத்துக்கொண்டிருந்தது, எல்லாம் அவருடைய எண்ணிலிருந்து, ஒன்றுகூட விடாமல்.

கூடத்துக்கு ஓடினாள், காபி ஆடை கட்டிக் கிடந்தது, ஒரு வாய்கூடக் குறையவில்லை, அவர் விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது, என்னங்க, எனக்கு என்னமோ பண்ணுது, ஏதாவது பேசுங்களேன் என்று தோளைத் தொட்டாள், தோள் சில்லிட்டிருந்தது, அவர் நிமிர்ந்து, படத்தில் சிரித்த அதே சிரிப்போடு, இத்தனை வருஷத்தில் இல்லாத இதமான குரலில் பேசினார், எல்லாரும் போட்டுட்டாங்க நாயகி, நீ ஒருத்திதான் பாக்கி.