டமாரத்துக்குப் பிடித்த பாட்டு

"அத முதல்ல எடும்மா," என்றார் அப்பா.

அவள் அப்போதுதான் தம்பியின் இடது காதில் இயர்போனைச் செருகிவிட்டு, வலது காதுக்கானதை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் அப்பா நின்றார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம், முதுகுக்குப் பின்னால் சபை மூப்பர்கள் இரண்டு பேர். தம்பி நுரையீரல் கெட்டுப் படுத்த இத்தனை மாதத்தில் அவர் இந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"கேட்டுட்டு இருக்கான்பா."

"என்னத்தக் கேக்குறான்? போற நேரத்துலயுமா டங்கு டங்குன்னு? எடு."

நாற்பத்தாறு வயது அவளுக்கு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, புருஷன் போன பிறகு மகளைத் தனியாகவே படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியவள். கடை முதலாளியையே எதிர்த்துப் பேசுகிறவள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கை தானாகப் போய்விட்டது. எடுத்துவிட்டாள்.

தம்பிக்கு டமாரம் என்ற பெயரே அப்பா வைத்ததுதான். சின்ன வயதில் பிரசங்கம் நடக்கும்போது தம்பி பெஞ்சுப் பலகையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பிரசங்க மேடையிலிருந்தே, "இது பிள்ளையா, டமாரமா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. அன்றிலிருந்து ஊருக்கே அவன் டமாரம்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

மீசை முளைத்ததும் அவனும் கூட்டாளிகள் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். சாமியைப் பற்றித்தான் பாட்டு. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தல். வாலிபர் கூட்டத்தில் பாட அனுமதி கேட்டுக் கேட்டு, ஒரு வழியாக வாங்கியும் விட்டார்கள். பாட்டு பாதி ஓடியிருக்கும். அப்பா எழுந்து மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். கிட்டார்கள் அந்த நிமிஷமே செத்தன. டிரம்ஸுக்கு ஒயர் கிடையாதே. தம்பி அப்பாவையே பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க அவனைப் பற்றித்தான். பிசாசு முன்னெல்லாம் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கும், இப்போது குச்சி இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டது என்றார் அப்பா. அன்று மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு தம்பி அந்தச் சபைக்கும் வரவில்லை, அந்த வீட்டுக்கும் வரவில்லை. வண்டிகளுக்குச் சைலன்சர் மாற்றும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். "அப்பா ஆசைப்பட்ட மாதிரியே சத்தத்தக் குறைக்கிற வேலைக்குப் போயிட்டேன்க்கா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சில வருஷம் கழித்து எதிர்ச்சாரியில் ஒரு புதுச் சபை வந்தது. மேடை, கலர் லைட், டிரம்ஸ். வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காணிக்கைத் தட்டு இளைத்தது. மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த வருஷமே அப்பாவின் சபையிலும் ஒரு டிரம் செட் வந்து இறங்கியது. சத்தம் கட்டுக்குள் இருக்க அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. அப்பாவே கை வைத்து அதை ஆசீர்வதித்தார். 'அவனையும் கூப்பிடு' என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவள் அன்று ஆராதனை முடிந்தும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் மின்விசிறியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் தம்பிக்கு அந்தப் பழைய ஆசை திரும்பியது. "நான் விட்டதுக்கப்புறம் உலகத்துல யாராச்சும் இத ஒழுங்காப் பண்ணியிருக்காங்களான்னு பாக்கணும்க்கா. போன்ல கிறிஸ்தவ ராக்னு போட்டுத் தேடு. நல்லதா வந்தா எடுத்துட்டு வா." மூச்சு வாங்கி வாங்கி அவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் வந்து போய்விட்டாள்.

அவளுக்கு ராக்கும் தெரியாது, ரோலும் தெரியாது. ஆனாலும் தேடினாள். பஸ்ஸில் கேட்டாள், சாப்பாட்டு இடைவேளையில் கேட்டாள், லென்ஸ் மெஷின் ஓடும்போதுகூட ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். கடைப் பெண்கள் அவளுக்குக் காதல் வந்துவிட்டது என்று கிண்டலடித்தார்கள். சாயங்காலமானால் அன்றைய வேட்டையைக் கொண்டுபோய் வார்டில் இறக்குவாள். ஆளுக்கொரு காது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லுவான். பெரும்பாலும் அடுத்ததுக்குப் போ என்று விரலைத்தான் ஆட்டுவான்.

"இது காருக்கு விளம்பரம்."

"இவன் கடவுளுக்கு ஐஸ் வைக்கிறான்."

"இவனுக்கு கிட்டாருங்கறது ஞாயித்துக்கிழமச் சட்ட. திங்கக்கிழம கழட்டி மாட்டிருவான்."

"ஏன்டா, நல்லாத்தான பாடுறான்? எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க பாரு."

"அதான்க்கா பிரச்சன. இவங்க வீட்ல ஒருத்தர்கூடச் சாகலயா?"

குப்பை மாதிரி வந்து குவிந்ததில் ஒன்றிரண்டு தேறின. கார் ஷெட்டில் வைத்துப் பதிவு செய்தது போல் கரகரவென்று மூன்று கிழவர்கள். பாட்டு முழுக்கக் கடவுள் பெயரே கிடையாது, ஆனால் கடைசி வரை யாரிடமோ கெஞ்சிக்கொண்டே இருந்தார்கள். அதை அவன் மறுபடி வைக்கச் சொன்னான். இன்னொரு நாள், இரண்டு பேருக்குமே புரியாத ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண். மெதுவாகத்தான் தொடங்கினாள். போகப் போகக் குரல் உடைந்து, உடைந்த குரலாலேயே கத்தினாள். அவள் பின்னால் டிரம்ஸ் ஒரே சீராக, அவசரமே படாமல் நடந்தது.

தம்பி கண்ணைத் திறந்துவிட்டான். "இவ கதவத் தட்டலக்கா. ஒடைக்கிறா." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "அந்த டிரம்மரக் கவனி. அவ கேக்குறதுக்கு அவன் பதில் சொல்லல. ஆறுதலும் சொல்லல. சும்மா கூட நிக்கிறான்."

பிறகு அவளுக்கே காது பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஒரு பாட்டின் முதல் வரி முடிவதற்குள், "ச்சே, விளம்பரம்," என்று அவளே அடுத்ததுக்குத் தள்ளினாள். அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, ஆக்சிஜன் குழாயை மாட்டவேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் பாட்டைத்தான் இன்று அவள் வைத்திருந்தாள். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். அதனால்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள். போடாமல் இருந்திருக்கலாம்.

அப்பா கட்டில் ஓரமாக நின்று குனிந்தார். "டேய், அப்பா வந்திருக்கேன். எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுடா. மனந்திரும்பிட்டேன்னு ஒரு வார்த்த. இவங்க ரெண்டு பேரும் சாட்சிக்கு வந்திருக்காங்க. நாளைக்கு உன்ன நம்ம சபைல வச்சு நான் அடக்கம் பண்ணணுமில்லடா?"

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். பேச அவனிடம் மூச்சு இல்லை. வலது கை படுக்கையிலிருந்து மெல்ல எழும்பியது. காதை நோக்கிப் போனது. ஒரு விரல் காதைக் காட்டி நீண்டது. அதை மாட்டு என்கிறான். அவளுக்குப் புரிந்தது. இயர்போனை எடுக்கத் திரும்பினாள்.

"தூக்கிட்டான்!" என்றார் அப்பா. "கையத் தூக்கிட்டான்! மனந்திரும்பிட்டான்! பாத்தீங்களா?"

"ஆமென்! பாத்தோம் ஐயா, பாத்தோம்!"

எழும்பிய கையை அப்பா அப்படியே பிடித்து உயரத் தூக்கிக்கொண்டார். ஜெபம் ஆரம்பித்தது. அப்பாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போகும் குரல். மூப்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் கையிலிருந்த இயர்போனில் அந்தப் பெண் கொசு அளவு குரலில் கத்திக்கொண்டிருந்தாள். தம்பியின் கை அப்பாவின் பிடிக்குள் இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தது. அப்பா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தம்பி போயிருந்தான்.

மறுநாள் அடக்க ஆராதனை. பெட்டி மேடைக்குக் கீழே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் சபையின் டிரம்மர், குச்சிக்குப் பதில் துடைப்பம் போன்ற ஒன்றை வைத்து மெத்து மெத்தென்று தடவிக்கொண்டிருந்தான். கீபோர்டுக்காரன் உருக்கமாக வாசித்தான். சபைக்கு மூக்கை உறிஞ்ச வசதியாக இருந்தது.

அப்பா பேசினார். "என் பிள்ள சின்ன வயசுலயே இசையால கர்த்தருக்கு ஊழியம் செஞ்சவன். இந்தப் பெஞ்சுலதான் அவன் முதல் தாளம் போட்டான். நடுவுல கொஞ்சம் வழி விலகிப் போனான். ஆனா கடைசி நிமிஷத்துல, பேச வாய் வராதப்ப, கையத் தூக்கினான். நானே சாட்சி."

சபை அழுதது. முன்வரிசையில் அத்தை அவள் தோளை அணைத்து, "கேட்டியா, நல்ல சாவும்மா," என்றாள்.

எழுந்து சொல்லிவிடலாம். காதைக் காட்டினான், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். கால் பெஞ்சுக்கு அடியில் ஒருமுறை அசைந்தது. ஆனால் பெட்டிக்குள் தம்பி முகத்தைப் பார்த்தாள். மூடின கண்ணோடு ஏதோ மோசமான பாட்டைக் கேட்டு விரலை ஆட்டத் தயாராகிறவன் போல இருந்தான். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு நரைத்த தாடி ஒன்று. பழைய குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். இன்றும் எல்லோருக்கும் அவன் பெயர் பேஸ்தான். உள்ளே வரவில்லை. மண் போட்டு முடித்து எல்லோரும் கலைந்த பிறகு அவளிடம் வந்தான்.

"உள்ள வந்திருக்கலாமே?"

"உங்கப்பா ஒயரப் பிடுங்கின அன்னிக்கே நான் வெளிய வந்துட்டேன்க்கா." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "கடைசியா என்ன கேட்டுட்டிருந்தான்?"

அவள் போனை எடுத்து அவன் காதில் வைத்தாள். வெயிலில் நின்றுகொண்டே முழுப் பாட்டையும் கேட்டான். நடுவில் தாடிக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டான். முடிந்ததும் போனை அவளிடம் கொடுத்தான். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் ரொம்ப நேரம் இன்ஜினைக் கிளப்பவில்லை.

வீட்டில் சாப்பாடு முடிந்து உறவுகள் ஆங்காங்கே சாய்ந்திருந்தார்கள். அப்பா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். பனியனில் பார்க்க வயசான ஆளாக இருந்தார்.

"ஆஸ்பத்திரில அவன் ஏதோ கேட்டுட்டே இருந்தான்னு சொன்ன. சாமிப் பாட்டுதானா?"

"ஆமாப்பா."

"அவனுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு போடு. கேக்குறேன். ஞாயித்துக்கிழம ஆராதனைல எல்லாருமாப் பாடணும்னு மூப்பர் சொல்றார்."

அவர் குரல் தணிந்திருந்தது. எதையோ வேண்டிக் கேட்கிற அப்படி ஒரு குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அந்தப் பெண்ணின் பாட்டுக்கு மேலே கட்டைவிரல் போய் நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாள். இவர் அதைக் கேட்பார், புரியாது, அர்த்தம் கேட்டு வருவார், அப்புறம் மேடையேறி விளக்கம் சொல்லுவார். அந்தப் பாட்டையும் கை தூக்க வைத்துவிடுவார்.

கட்டைவிரலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பளபளவென்று பல் தெரியச் சிரித்த ஒரு குழுவில் நிறுத்தி, அழுத்தினாள். மெத்தென்று பியானோ, பின்னால் வயலின் கூட்டம், அதற்கும் பின்னால் நூறு பேர் சந்தோஷமாக.

"இதுதான்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்படிப்பட்ட பாட்டா கேட்டுட்டிருந்தான் என் பிள்ள?" என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே. எனக்கு அனுப்பி விடும்மா."

அனுப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தடவித் தடவி, அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். முன்னறையில் யார் போனிலோ அந்தப் பியானோ தொடங்கியது. இரண்டு வரி பின்தங்கி அத்தையின் போனில். அப்புறம் வாசலில், செருப்புத் தேடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் பையில். மாடிப்படியில் இன்னொன்று. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வீடு முழுக்க அந்த நூறு பேரும் சந்தோஷமாகப் பாடினார்கள்.

"என்ன இனிமையா இருக்கு, இல்லம்மா?" என்று அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஆமா அத்த," என்றாள் அவள். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தாள்.