ஒற்றைத் தண்டை

பாதி மலை இறங்குவதற்குள்ளேயே ராஜாக்கண்ணுவின் இடது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்குவதுதான் முட்டியைத் தின்னும். விடியலில் குடித்த சாமைக் கஞ்சி அடிவாரம் வருமுன் கரைந்துபோய் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படியும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறினான். மடியில் வெள்ளி இருந்தது. வெள்ளியைக் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார்ந்து வடை தின்ன அவனுக்குத் தைரியம் போதவில்லை.

கலசப்பாக்கம் கடைத்தெருவில் புருஷோத்தமன் பழைய வெள்ளி வாங்குகிறவர். கடையில் அவரும், எடை போடும் அருணா என்கிற பெண்ணும் மட்டும்தான் இருந்தார்கள்.

"வா பெரியவரே. மலையா?"

"ஆமாங்க மொதலாளி."

"வெள்ளி ஏறுதுன்னு சொன்னா போதும், மலையே எறங்கி வந்துடுது. இன்னா கொண்டாந்துகிற, எடு."

ராஜாக்கண்ணு மடியை அவிழ்த்து இருபது காசுகளைக் கண்ணாடிப் பலகைமேல் கொட்டினான். ராஜா தலை, ராணி தலை போட்ட காசுகள். பாகம் பிரித்தபோது அப்பன் பங்காக வந்தவை. முந்தின நாள் முழுக்கப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தான்.

"அண்ணே, நம்ம கடை வெள்ளிய விட தாத்தா வெள்ளி பளபளக்குது" என்றாள் அருணா. "பேசாம இவர இங்கியே வேலைக்கு வெச்சிக்கலாம்."

"சம்பளம் நீ குடு" என்றார் புருஷோத்தமன்.

ராஜாக்கண்ணு சிரித்தான். வாய்விட்டு ஒருவரோடு சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. அவன் பெண்டாட்டி மாணிக்கம்மாள் ஐப்பசியில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேசியதெல்லாம் கோழியிடம்தான்.

அவனுக்கு வேண்டியது முப்பத்தைந்தாயிரம். மாணிக்கம்மாளை வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டிருந்தபோது, அடிவாரத்துக் கீழ்நாட்டு ஆனந்தனிடம் அறுபதாயிரத்துக்குக் கொல்லைக்காட்டைப் போக்கியம் வைத்தான்; பணம் திருப்பும்வரை நிலம் ஆனந்தன் கையில். பணமும் போயிற்று, அவளும் போனாள். சொந்த மண்ணில் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். அந்தக் கொல்லையிலேயே பலாமரத்துக்குக் கீழே அவளைப் புதைத்தார்கள். ஆனந்தன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாலைகூடப் போட்டான். போன மாதம் வந்து, "பெரியப்பா, பொங்கல் கழிச்சி ஜேசிபி வுட்டு மட்டம் பண்ணி வாழை வைக்கப்போறேன். அதுக்குள்ள பணத்த குடுத்தா நெலம் உன்து. அப்பறம் என்மேல வருத்தப்படாத" என்றான். கெட்டவன் இல்லை. குழிமேடு அவன் வண்டிக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். உழவு மாட்டை விற்று இருபத்தைந்தாயிரம் தேற்றியாயிற்று; அதுவும் இடுப்பில்தான் இருந்தது. மிச்சத்துக்கு இந்த வெள்ளியை விட்டால் வழியில்லை.

மலையில் வெள்ளிக்காசை யாரும் எடை போடுவதில்லை. எண்ணுவார்கள். தலை போட்ட காசென்றால் ஒரு தோலா வெள்ளி. இருபது காசென்றால் இருபது தோலா. பெண்ணுக்குப் பரியமும் அப்படித்தான் கொடுத்தார்கள், பாகமும் அப்படித்தான் பிரித்தார்கள். ராஜாக்கண்ணுவும் அப்படித்தான் கணக்குப் போட்டு வந்திருந்தான்.

புருஷோத்தமன் காசுகளை விளிம்பைப் பார்த்துப் பிரித்தார். ராணிக்காசு மூன்று ஒரு பக்கம், ராஜாக்காசு பதினேழு இன்னொரு பக்கம். இரண்டிலும் ஒவ்வொன்றை உரைகல்லில் இழுத்துத் திராவகம் வைத்தார்.

"இந்த மூணும் நல்ல வெள்ளி. இந்தப் பதினேழுல பாதிதான் வெள்ளி."

"அதெப்படிங்க? ராஜா தலை போட்டுக்குதே?"

"தலை போட்டா? சண்டைக் காலத்துல வெள்ளி கெடைக்கல. பாதிக்குச் செம்பு கிம்பு கலந்து அடிச்சி வுட்டுட்டான். வெள்ளைக்காரன் உங்கப்பன ஏமாத்தினதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

"சரியா பாருங்க சாமி."

"எத்தினி வாட்டி பாத்தாலும் அதான். வேணும்னா நாலு கடை கேட்டுட்டு வா. ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கேட்க வேண்டியதில்லை. கல்லில் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று வெளுப்பாக நின்றது, மற்றது பச்சையாகப் பொங்கியது. அவனுக்கும் கண் இருந்தது.

மடியிலிருந்து அடுத்து பாலாடையை எடுத்து வைத்தான். குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு. அருணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நசுங்கல்கூட இல்லியே தாத்தா. புதுசா?"

"பழசுதாம்மா. கண்ணாலம் ஆன வருசம் வாங்கினது."

"யாரும் குடிக்கவேயில்லியா இதுல?"

அவன் தெருவைப் பார்த்தான். "எடைய போடும்மா" என்றார் புருஷோத்தமன், அவளைப் பார்க்காமலேயே.

எல்லாம் சேர்த்து இருபத்துமூவாயிரம் வந்தது. இன்னும் பன்னிரண்டாயிரம் வேண்டும்.

மடியில் தனித்துணியில் இன்னொன்று இருந்தது. மாணிக்கம்மாளின் தண்டை ஜோடி. அது விற்பதற்கு இல்லை. பிள்ளையில்லாமல் செத்தவளுக்குப் பிறந்த வீட்டில் போட்ட வெள்ளி, வருசம் திரும்புவதற்குள் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேரவேண்டும் என்பது அவர்கள் ஊர்ப் பேச்சு. பங்குனியில் அவள் தம்பி வேடியப்பன் வந்து வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தான். இதை ஏன் மலையிலிருந்து சுமந்து வந்தான் என்றால், வீட்டில் வைத்துவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. கதவுக்கு ஒரு கயிறுதான்.

துணியை அவிழ்த்தான். வெகுநேரம் பார்த்தபிறகு ஒன்றை மட்டும் முன்னால் தள்ளினான்.

"ஜோடியா குடு பெரியவரே. ஒத்தைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ, நொண்டிக்காலுக்கா போடுவ?"

"ஒண்ணு போதுங்க."

"உள்ள அரக்கு கெடக்கும். வெட்டித்தான் எடை போடுவேன். வெட்டினப்பறம் திருப்பிக் கேக்கக்கூடாது."

"வெட்டுங்க."

புருஷோத்தமன் கத்தரியை வைத்து அழுத்தினார். தண்டை வாயைப் பிளந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் கறுத்த அரக்கு பொலபொலவென்று பலகையில் கொட்டியது. அருணா அதைக் கையாலேயே கூட்டித் தள்ளினாள். நாற்பது வருசம் மாணிக்கம்மாள் நடையோடு சத்தம் போட்ட சாமான். அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் அவனுக்குத் தெரியும்.

பணம் சரியாக இருந்தது. நூறு ரூபாய் கூடவே வந்தது. அன்றைக்கே ஆனந்தனிடம் அறுபதாயிரத்தையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டான். "பரவால்லியே பெரியப்பா" என்றான் ஆனந்தன். "நான் நெனைக்கவே இல்ல." டீ வாங்கிக் கொடுத்தான். கொல்லை திரும்பிவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் இதைச் சொல்ல ஓர் ஆள் தேடினான். பக்கத்து வீட்டார் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார்கள்.

பங்குனியில் வேடியப்பன் வந்தான். ராஜாக்கண்ணு கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தான். மாணிக்கம்மாள் போனபிறகு அந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்தது அன்றைக்குத்தான்.

சாப்பிடுமுன்னே வேடியப்பன் கேட்டான். "அக்கா சாமான எடு மாமா. வெயிலுக்கு முன்னாடி போவணும்."

ராஜாக்கண்ணு ஒற்றைத் தண்டையைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். காசு பாதியாகப் போனது, ஜேசிபி, பலாமரம், எல்லாம்.

வேடியப்பன் தண்டையைக் கையில் எடுக்கவில்லை.

"எங்கக்கா ஒத்தக் கால்லியா உன் வூட்டுக்கு வந்தா?"

"அவ படுத்திருக்கிற மண்ண மீட்டேன்டா மச்சான்."

"மண்ணு உன்து. நீ மீட்டுக்கினே. அதுல எனுக்கு இன்னா? எங்கப்பன் மாட்ட வித்துப் போட்ட தண்டை அது. ரெண்டு போட்டாரு."

"அவளுக்காகத்தான..."

"அவளுக்காகன்னா உன் காச விக்கணும், உன் மாட்ட விக்கணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? மலைக்கு அந்தப் பக்கம் வந்து கேக்க உனுக்குக் கால் இல்லியா?"

ராஜாக்கண்ணு தண்டையை அவன் பக்கம் நகர்த்தினான். கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவானோ என்று பயந்து கேட்கவில்லை.

"ஒத்தைய எடுத்துக்கினு போனா ஊரு காறித் துப்பும். இத நீயே வெச்சிரு. ஜோடி சேந்தப்பறம் ஆள் அனுப்பு, வர்றேன். அதுவரிக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

குழம்பைத் தொடாமல் எழுந்துபோனான். அவனைத் தவிர அந்த வீட்டுக்கு வர வேறு உறவு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளி தினமும் ஏறிக்கொண்டிருப்பதாக ஜீப்பில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவன் தண்டையை விற்ற விலைக்கு இன்றைக்கு அதில் பாதிகூட வாங்க முடியாது. விற்க மாடும் இல்லை, காசும் இல்லை. வேடியப்பனுக்கு ராஜாக்கண்ணு ஒரு வெள்ளித் தண்டை தரவேண்டும். அரக்கோடு பத்து தோலா.