தடங்கலில்லாமல் படித்தவள்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவளுக்கு வெண்கலம் என்று பேர் வைத்தவர்கள் அங்கே டிக்கெட் கொடுக்கிறவர்கள். குரல் அப்படி. எந்தத் தாளை நீட்டினாலும் முதல் பார்வையிலேயே மடமடவென்று, ஏற்ற இறக்கத்தோடு படித்துவிடுவாள். என்ன படித்தாய் என்று அடுத்த நிமிஷம் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். கண்ணில் பட்டது நேராக வாய்க்குப் போய்விடும். நடுவில் மண்டைக்கு வேலையே இல்லை. வண்டி வருவதையும் போவதையும் சொல்ல அது போதுமாக இருந்தது.

கழுத்தில் இருந்த கட்டியை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். ஆபரேஷன் அன்று காலையில் பதற்றம் தணிய ஒரு மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கட்டில் மெல்ல மிதக்கத் தொடங்கியது. ஜன்னல் திரை மூச்சு வாங்கி மூச்சு விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையின் முகம் ஒரு நேரம் சின்னப் பிள்ளையாகவும் ஒரு நேரம் இப்போதிருக்கிற மாதிரியும் தெரிந்தது. பயமெல்லாம் எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோ என்பது போல இருந்தது. பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் நர்ஸுக்கு ஞாபகம் வந்து ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்கக்கா."

தாளைக் கண்டதும் வெண்கலத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மீளக்கூடிய அல்லது மீளவியலாத குரல்வளை நரம்புச் செயலிழப்பின் நிகழ்தகவு உள்ளிட்ட இடர்கள் அனைத்தும் எனக்கு ஐயமற விளக்கப்பட்டன என்பதை இதன்மூலம்..."

இந்த வாக்கியத்தை எழுதிய புண்ணியவானை உட்காரவைத்து ஒரே மூச்சில் படிக்கச் சொல்ல வேண்டும். வெண்கலம் படித்தாள். எதிர்க்கட்டில் அம்மாள் முனகலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சொற்கள் சோப்புக் குமிழிகளாகத் தன் வாயிலிருந்து கிளம்பி மின்விசிறிப் பக்கம் போவதை அவளே ரசித்துப் பார்த்தாள். நர்ஸுக்குப் பரம திருப்தி. பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் இரு," என்றாள் தங்கை. "குரல்வளைன்னு என்னமோ வந்துச்சே, அது என்னது?"

"எங்கடி வந்துச்சு?"

தங்கை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்பதானேக்கா நீ படிச்ச!"

வார்டுக்குள் வந்த டாக்டரைத் தங்கை மறித்துக்கொண்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கட்டிக்குப் பின்னாடியே குரலுக்குப் போற நரம்பு ஓடுதும்மா. அது மேல படாமத்தான் எடுக்கப் பார்ப்போம். ஆனாலும் சில பேருக்குக் குரல் கம்மிப் போயிடும். அபூர்வமா, திரும்ப வராமலேயும் போகலாம். எடுக்காம விட்டா உயிருக்கே ஆபத்து."

இந்தச் சொற்கள் மாத்திரையின் மூட்டத்துக்குள்ளேயே புகுந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. வெண்கலத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எங்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதானே டாக்டர்."

டாக்டர் காலி மாத்திரைக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார். "மாத்திரை குடுத்தப்புறமா கையெழுத்து வாங்குவாங்க? இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம். நாளைக்குத் தெளிவா இருக்கும்போது பேசிக்கலாம்."

"தடங்கலே இல்லாம படிச்சாங்க சார்," என்று நர்ஸ் இழுத்தாள்.

மறுநாள் மாத்திரை இல்லை. வெண்கலம் உதட்டை இறுக மூடிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். புரியாத இடத்திலெல்லாம் டாக்டரை நிறுத்திக் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். ஓரிரு இடத்தில் அவரே தலையைச் சொறிந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குச் சாக இஷ்டமில்லை.

தள்ளுவண்டியில் படுக்கவைத்து அழைத்துப் போனார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்குப் பின்னால் நழுவின. தங்கை கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வெண்கலம் பேசிக்கொண்டே போனாள். தங்கை பிறந்தபோது எலிக்குஞ்சு மாதிரி இருந்ததைச் சொன்னாள். அவளுடைய புதுச் செருப்பைத் தொலைத்தது தான்தான் என்றாள். அவள் மேல் எவ்வளவு ஆசை என்று சொன்னாள். அதை இதுவரை வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

"பேசாம வாங்கம்மா," என்றார் வண்டி தள்ளுகிறவர்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்கண்ணே."

தியேட்டர் கதவு திறந்து மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும்வரை தங்கை கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.